எள்ளுப் பொட்டலம்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் இறந்தாரா, இல்லையா என்பது நூற்றிருபது வருஷங்களாகத் தீராத வழக்கு. நேயர்கள் சிரிக்க வேண்டாம். 1905-ஆம் வருஷம் வாலிபராக இருந்த மனிதர் இன்று உயிரோடு இருக்க முடியாது என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் விளங்கும். ஆனால் குடும்ப வழக்குகள் கணக்கினால் தீர்கிறவை அல்லவே!

அவர் என் பாட்டனாரின் தகப்பனார். ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தூத்துக்குடியில் ஒரு வியாபாரியிடம் கணக்குப்பிள்ளை. 1905-இல் இலங்கைக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு என்று கூப்பாடு எழுந்தது. முதலாளி தோணியில் ஆட்களை அனுப்பினார். அவர்களோடு எங்கள் பூட்டனாரும் போனார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயசு. மடியில் மூன்று வயசுக் குழந்தை. அந்தக் குழந்தைதான் என் பாட்டனார்.

மறிச்சுக்கட்டி முகாமிலிருந்து ஒரு கார்டு வந்தது. "இங்கு யாவரும் சௌக்கியம். சித்திரைக்குள் வந்து சேருவேன். பையனுக்கு ஜுரம் தேவலையா?" அவ்வளவுதான். சித்திரை வந்தது, அவர் வரவில்லை. தோணிக்காரர்களைக் கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். பேதி என்றார் ஒருவர். கொழும்புக்கு வேலை தேடிப் போனார் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சொன்னதை எங்கள் வீட்டில் குழந்தைகள் முன்னிலையில் சொல்லமாட்டார்கள்.

பூட்டி தாலியைக் கழற்றவில்லை. ஐம்பத்து மூன்று வருஷம் மஞ்சள் பூசிக் குளித்தாள். வெள்ளிக்கிழமை தோறும் தலைக்குப் பூ வைத்தாள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பாட்டனார் வளர்ந்து, தாமிரபரணியில் மற்றவர்கள் தகப்பனாருக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதைப் பார்த்துத் தாமும் விடவேண்டுமென்று ஒரு அமாவாசையன்று புறப்பட்டாராம். பூட்டி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாளாம். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. 1958-இல் அவள் காலமானபோது, சுமங்கலியாகச் சிங்காரிப்பதா வேண்டாமா என்று பாடை கட்டும் வரை வாதம் நடந்தது. கடைசியில் சுமங்கலியாகவே சுட்டார்கள். இதெல்லாம் என் ஆச்சி சொல்லிக் கேட்டது.

இப்படி ஒரு விஷயம் கைக்குக் கிடைத்தால் ஒரு நாவலாசிரியன் சும்மா விடுவானா? கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோய், எழுத்தை நம்பிப் பிழைக்க வந்தவன் நான். முப்பது வயசில் எழுதிய ஒரு நாவலில் பூட்டனாரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். கணக்கெழுதும் மனிதரைக் கடலில் இறக்கி, இரண்டே பக்கத்தில் சுறாவுக்கு இரையாக்கினேன். வாசகர்கள் கண்ணீர் விட்டதாகக் கடிதம் எழுதினார்கள். என் அத்தை மட்டும் படித்துவிட்டு, "ஏலே, நீ அவரக் கொன்னுட்டியேலே! எங்க ஆச்சி அம்பது வருஷமாச் சாகவிடாம வச்சிருந்தா" என்றாள். அன்று அதை ஒரு விமரிசனமாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சென்ற வருஷம் மாசி மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. அக்கரையிலிருந்து ஒரு நாள் மன்னார்ப் பக்கம் போய்வரலாமே என்று ஆசை பிறந்தது. அப்பாவுக்கு வயசு எண்பது. விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்துடன் வந்தார். கறுப்பு எள். "அந்தக் கடல்ல நின்னு விட்டுட்டு வந்துரு. எனக்கப்புறம் இதையெல்லாம் யாரு கேக்கப் போறா?" என்றார். அத்தை திண்ணையில் இருந்தாள்; ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தூத்துக்குடிக்கு நேர் கிழக்கே, ஏறக்குறைய அதே அட்சரேகையில், சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மன்னார் மாவட்டத்து அரிப்புக் கரை. நடுவே கடல்தான். ஆனால் நான் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ரயிலேறி வடக்கே சென்னைக்குப் போய், விமானத்தில் மறுபடி தெற்கே பறந்து, பலாலியில் இறங்கி, அங்கிருந்து காரில் தெற்கே போகவேண்டியிருந்தது. தோணியில் போன பூட்டனாருக்கு இவ்வளவு சுற்று இல்லை.

சாரதி என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவர். அதிகாலை ஐந்து மணிக்கே வாசலில் வந்து நின்றுவிட்டார். "வெளிக்கிடுவமோ ஐயா?" என்றார். நாவற்குழியில் பெரிய றோட்டை விட்டுத் திரும்பினோம். கொஞ்ச தூரத்தில் வீடுகள் ஒழிந்து, இருபுறமும் கடல்நீர் ஏரியாகத் தேங்கிக் கிடந்தது. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் நடுவே ஒரு நீளமான பாலம். 2011-இல் திறந்தார்கள். அதற்கு முன் மிதக்கும் 'பாதை'யில் வண்டிகளை ஏற்றிக் கடப்பது வழக்கமாம். சங்குப்பிட்டி என்ற பெயரைக் கேட்டதும் எனக்குத் தூத்துக்குடிச் சங்குக் குளிப்பு நினைவுக்கு வந்தது. நம் கடலில் எடுத்த சங்குகள் வங்காளத்துக்குப் போய் அந்த ஊர்ப் பெண்களின் கைகளில் வளையல்களாக ஏறின. ஒரே கடலின் இரண்டு கரைகளில் ஒரே தொழிலின் பெயர்கள் விளங்குவதில் வியப்பில்லை.

"ஐயா எழுதிறனீங்களோ?" என்று கேட்டார் சாரதி.

"ஆமாம்."

"சண்டையைப் பற்றி எழுத வந்தனீங்களோ?"

"இல்லை, முத்துக்குளிப்பைப் பற்றி."

"அப்ப நல்லது" என்றார். எதற்கு நல்லது என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

பூநகரி தாண்டியதும் வெட்டவெளி. பனை, பனை, பனை. நடுநடுவே தலை போன மொட்டைப் பனைகள். எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டில் பனையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஊருக்கே வந்துவிட்டாற்போல் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் பனைக்குத் தலை போவது இடி விழுந்தால்தான். "ஷெல் விழுந்தது" என்று மட்டும் சொல்லிக் கியரை மாற்றினார் சாரதி.

முழங்காவிலுக்குப் பிறகு ஒரு கடையில் நிறுத்தினோம். பாண், சம்பல், தேத்தண்ணி. சாரம் கட்டிய ஒரு மீனவப் பெரியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு நெருங்கி வந்தார்.

"இந்தியாவோ? உங்கட றோலர்காரரிட்டச் சொல்லுங்கோ, அடியோட வாரிக்கொண்டு போகவேண்டாம் எண்டு."

"நான் றோலர்காரன் இல்லையே ஐயா, ஆற்றங்கரை ஊர்" என்றேன்.

"நீங்கள் எண்டு ஆர் சொன்னது? சொல்லத்தான் சொன்னனான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இழுவை மடி கடலின் அடித்தளத்தையே சுரண்டிக்கொண்டு போகும். குஞ்சும் மிஞ்சாது, சிப்பியும் மிஞ்சாது. இலங்கை அந்த முறையை 2017-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் பக்கத்துப் படகுகள் எல்லை தாண்டுவதும், பிடிபடுவதும், ஆட்கள் சிறைக்குப் போவதும் நமக்குப் பத்திரிகைச் செய்தி. இவருக்கோ அறுந்துபோன வலை. சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இதோ, எழுதிவிட்டேன்.

வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று ஊர்கள் வந்து போயின. காலபோக அறுவடை முடியும் சமயம். பல இடங்களில் றோட்டில் பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொண்டிருந்தார்கள். கார் மறுபாதியில் அடக்க ஒடுக்கமாகப் போயிற்று. எங்கள் ஊரிலும் இதேதான். ஓட்டுகிறவர்தான் கொஞ்சம் முணுமுணுப்பார்.

மன்னாரின் வயல்களுக்கு நீர் தருவது கட்டுக்கரைக்குளம். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் கட்டியது என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். அருவி ஆற்றைத் 'தேக்கம்' என்ற இடத்தில் கல்லணையால் மறித்து இந்தக் குளத்துக்குத் திருப்புகிறார்கள். ஸ்ரீவைகுண்டம் அணையும் இதையேதான் செய்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைகளில் கடைசியானது அது. கடலில் விழப்போகும் நீரைப் பிடித்து வடகாலுக்கும் தென்காலுக்கும் பங்கிடுகிறது. இலங்கைக்குப் பழைய பாலி நூல்களில் 'தம்பபண்ணி' என்று பெயர். எங்கள் ஆற்றின் பெயரும் அதுவும் ஒன்றுதான். எது எதற்குக் கொடுத்தது என்பதைப் புலவர்கள் தீர்க்கட்டும். எனக்கு ஒரு குடும்ப வழக்கே போதும்.

திருக்கேதீஸ்வரத்தில் இறங்கித் தரிசனம் செய்தோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய ஸ்தலம். போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்துவிட்டார்கள். 1872-இல் ஆறுமுக நாவலர் மறுபடி எழுப்பவேண்டும் என்று குரல் கொடுத்தார். இப்போது கருங்கல் திருப்பணி முடிந்து 2022-இல் குடமுழுக்கு நடந்திருக்கிறது. பாலாவித் தீர்த்தத்தின் கரையில் நின்றபோது பையில் இருந்த எள்ளின் நினைவு வந்தது. இங்கேயே விட்டுவிடலாமா? அப்பா 'கடலில்' என்று சொல்லியிருந்தார். மேலும், இவ்வளவு சுலபமாக முடித்துவிட மனம் வரவில்லை.

மன்னார்த் தீவுக்குப் பாலம் தாண்டிப் போனோம். நுழைவாயிலில் போர்த்துக்கீசியர் 1560-இல் கட்டிய கோட்டை. தெருக்களில் கழுதைகள் தங்கள் சொந்த ஊர்போல் உலாவின. பள்ளிமுனையில் பெருக்கமரம் பார்த்தேன். நம்மூரில் ஆனைப்புளி என்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அரபு வியாபாரிகள் கொண்டுவந்தது என்று சொல்லுகிறார்கள். அடிமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். மரம் என்று சொல்லவே தோன்றவில்லை. ஒரு சிறு குன்று இலை விட்டதுபோல் இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்ததில் ஒரு மணி நேரம் போய்விட்டது. அதற்கு நான் கொடுத்த விலை பிறகுதான் தெரிந்தது.

"மறிச்சுக்கட்டிக்கு இன்னும் தெற்கால போகவேணும் ஐயா. அரிப்புக்குப் போகவே பொழுது சாய்ஞ்சிடும்" என்றார் சாரதி.

நூற்றிருபது வருஷம் காத்திருந்த ஒரு காரியத்துக்கு, ஒரு மரத்தை வேடிக்கை பார்த்து நேரம் கடத்தினவன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டான். என்ன செய்வது? அரிப்பு வரையாவது போவோம் என்றேன்.

வங்காலை வழியாகப் போனோம். வலப்புறம் தூரத்தில், தீவின் தென்கரையில், காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றன. மொத்தம் 30, 2020 டிசம்பரில் திறந்தார்கள். 'தம்பபவனி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அருவி ஆற்றைக் கடந்தோம். வழியில் மறுபடி ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் முஸ்லிம். 1990-இல் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றியபோது கைக்குழந்தையாகத் தூக்கிப் போகப்பட்டவர். புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து, சண்டை ஓய்ந்தபின் திரும்பி வந்திருக்கிறார். "வாப்பா வரமாட்டன் எண்டுட்டார். வந்தா ஞாபகம் வருமாம்" என்று சொல்லித் தேத்தண்ணியை ஆற்றினார். அந்தக் கரையில் போனவர்களும் திரும்பாதவர்களும் இல்லாத வீடே இல்லை என்று தோன்றியது.

அரிப்பில் கடலோரத்து மேட்டில் ஒரு செங்கல் மாளிகை இடிந்து நிற்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்க்க வருகிறபோது தங்குவதற்காகக் கவர்னர் பிரடெரிக் நார்த் 1801-க்கும் 1804-க்கும் இடையில் கட்டியது. அந்த மேட்டைக் கடல் அரித்து அரித்து, மாளிகையில் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் இதற்கு நேர்மாறு. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையை விட்டுக் கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. இப்போது அங்கே வயலும் குளமும்தான். ஒரு கரையில் விட்டுக்கொடுத்ததை மறு கரையில் வாங்கிக்கொள்ளுகிறதோ என்னவோ!

மாசி, பங்குனி மாதங்களில் இந்தக் கடல் குளம்போல் அடங்கியிருக்கும், முத்துக்குளிப்பும் அப்போதுதான். இந்தக் கரையோரம் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் பல்லாயிரம் ஜனங்கள். குளியாள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு எட்டு ஒன்பது பாக ஆழத்துக்கு இறங்குவான். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், அதற்குள் கூடையில் அகப்பட்டதை வாரவேண்டும். மேலே கயிறு பிடித்தவன் இழுப்பான். சுறாவை மந்திரத்தால் கட்டுவதற்குக் 'கடல்கட்டி' என்று ஒருவர் வேறு. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாளுக்கு. சாயங்காலம் ஏலம். வாங்கிய சிப்பியை அழுகவிட்டுக் கழுவினால்தான் முத்துத் தேறும். நாற்றம் காத தூரம் வீசும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அப்போது பதினாறு வயசுப் பையனாக இருந்த அப்பா, அந்த நாற்றத்தை இன்றும் மறக்கவில்லை.

1905-இல் இங்கே எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல். அந்த லாபத்தைப் பார்த்துவிட்டு, மறு வருஷமே ஒரு லண்டன் கம்பெனி 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்களில் சிப்பி இல்லை, கம்பெனி முழுகிற்று. 1906-இல் மறிச்சுக்கட்டி முகாமில் இளம் அதிகாரியாக வேலை பார்த்தவர் லெனர்ட் வுல்ஃப். பின்னால் வர்ஜினியா வுல்ஃபின் கணவர் ஆனவர். அந்த அனுபவத்தை வைத்துக் கதை எழுதினார். எங்கள் பூட்டனார் ஒரு வருஷம் முந்திப் போய்விட்டார். இல்லாவிட்டால் அவர் கண்ணிலாவது பட்டிருக்கலாம்.

சூரியன் கடலுக்கு மேல் இரண்டு பனை உயரத்தில் நின்றது. எங்கள் தூத்துக்குடியில் கடலிலிருந்து சூரியன் எழும். அதே கடலில் இங்கே விழுகிறது. விழும் திசையில் நேரே போனால் எங்கள் ஊர்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் பொட்டலத்தை எடுத்தேன். சாரதி கரையில் நின்றார்.

"அது என்ன ஐயா?"

"எள்ளு. தர்ப்பணத்துக்கு."

"ஆருக்கு?"

சொன்னேன். கார்டு, தாலி, வாசற்படி எல்லாம் சொன்னேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மனிசி ஒரு நாளும் செய்ய விடேல்லையோ?"

"இல்லை."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்ர தம்பி" என்றார். "2009 ஏப்ரல். மாத்தளனில கண்டதுதான் கடைசி. மரணச் சான்றிதழ் எடுத்தால் காசு தருவினம் எண்டு வந்து சொன்னவை. அம்மா எடுக்கேல்லை. நான் பெத்தனான், நானே கையெழுத்து வைச்சுச் சாகடிக்கிறதோ எண்டு கேட்டவ. இப்பவும் இரவில முன்கதவு பூட்டிறேல்லை."

எனக்கு என்ன சொல்லுவதென்று தெரியவில்லை. நான் முகம் பார்த்தறியாத ஒருவருக்காக, விமானம் ஏறி, விசாரித்து, ஒரு நாளைச் செலவழித்து, அதைக் கட்டுரையாகவும் எழுதலாம் என்ற நினைப்போடு வந்திருக்கிறேன். காலையிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இதை வைத்துக்கொண்டு நெல்லுக்கு ஒதுங்கி ஒதுங்கி வண்டி ஓட்டியிருக்கிறார். 'அப்ப நல்லது' என்று அவர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கிற்று.

"நீங்கள் செய்யிறதெண்டால் செய்யுங்கோ ஐயா. உங்கட கதை வேற. நூறு வருஷம் போட்டுது" என்றார் அவரே.

அவர் சொன்னது சரிதான். நூற்றிருபது வருஷம் என்பது ஒரு சமாதானம். பூட்டியும் இல்லை, பாட்டனாரும் இல்லை. ஒரு கை எள்ளை விட்டால் அப்பா நிம்மதியாகத் தூங்குவார். ஆனாலும் கை எழவில்லை. இரண்டு பக்கத்தில் சுறாவைக் கூப்பிட்டவன் நான். அப்போது எனக்குக் கை நடுங்கவில்லை. வாசற்படியில் யாரும் குறுக்கே உட்கார்ந்திருப்பதாக நான் நினைக்கவில்லை. இன்று அந்தக் கரையில், கதவைப் பூட்டாமல் படுக்கும் ஒரு தாயாரின் மகன் எதிரில் நிற்கும்போது, பூட்டி எழுந்து வழிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அத்தை சொன்னது பதினைந்து வருஷம் கழித்து மண்டையில் ஏறிற்று.

பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தேன். சூரியன் முழுகும் வரை இருவரும் நின்றுவிட்டு வண்டிக்குத் திரும்பினோம்.

இரவு சங்குப்பிட்டிப் பாலத்தை நெருங்கும்போது அவருடைய கைபேசி ஒலித்தது. ஓரமாக நிறுத்திப் பேசினார். "அம்மா. எத்தினை மணிக்கு வாறாய் எண்டு கேக்கிறா" என்று சொல்லி, வெட்கத்தோடு சிரித்தார். ஐம்பது வயசு மனிதர்.

ஊர் திரும்பியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "விட்டியா?" என்பதுதான். பொட்டலத்தை அவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டுக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்து எள்ளை விரலால் அளைந்துகொண்டிருந்தார். அத்தை திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்துவிட்டாள்.

"அந்தத் தம்பிக்காரன் வந்துட்டா உனக்கு எழுதச் சொல்லியிருக்கியா?" என்றார் அப்பா கடைசியில்.

"சொல்லியிருக்கிறேன்."

"சரி." பொட்டலத்தை அத்தையிடம் நீட்டினார். "இட்லிப் பொடிக்காவது ஆகும். புது எள்ளு, வீணாப் போக வேண்டாம்."

அத்தை அதை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சற்று நேரத்தில் எள் வறுபடும் வாசனை வீடு முழுதும் வந்தது. வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ப்பதற்கு நான் யார்?